தண்ணி ஒயில்

ஊவா மாகாணத்துப் பெருமக்களுக்கும், எல்லவில் ரயில் பாலத்தைப் படமெடுக்க வந்திருக்கும் வெளிநாட்டாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பூனாகலை சதீஸ்குமாரின் பைக் ஒயில் குடிக்கிறது.

சதீஸ்குமார் காப்புறுதி முகவர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய், நாளைக்கே உயிர் போனால் பிள்ளைகள் என்ன செய்யும் என்று கேட்டுப் பிழைக்கிறவர். அவருக்கு முன்பே அவருடைய நீலப் புகை லயத்துக்கு வந்துவிடும். ஓடும்போது அடிக்கிற காற்றுதான் சூட்டை ஆற்ற வேண்டும் என்கிற வகை இஞ்சின் அது. பூனாகலை ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஊர்கிற பைக்குக்குக் காற்று எங்கிருந்து வரும்? கொதித்து, இளகி, ஒயில் எரிந்துபோகும். பண்டாரவளைக்கு இறங்கியதும் ஒரு போத்தல் வாங்கி ஊற்றியாக வேண்டும். இஞ்சினைக் கழற்றித் தேய்ந்த பிஸ்டன் ரிங்கை மாற்றினால் தீர்ந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

ஆனால் ஒயில் விற்பது கலாராணி.

புருஷன் செத்துப்போன பிறகு உதிரிப்பாகக் கடையில் வேலைக்கு வந்தவள். போத்தலைத் துணியால் துடைத்துத்தான் நீட்டுவாள்.

"மறுபடியும் குடிச்சிருச்சா?"

"ஆமாங்க."

"வீட்டுல கேக்க ஆளில்லாத ஆம்பள மாதிரியில்ல குடிக்குது!"

அவர் வீட்டிலும் கேட்க ஆளில்லை. அதை மட்டும் சொல்ல வராது, ஊரெல்லாம் கூச்சமின்றிச் சாவைப் பேசுகிற அந்த வாய்க்கு.

ஒருநாள் புகை பொறுக்கமுடியாமல் ஸாஹிரின் கராஜில் நிறுத்தினார். பலகையில் தன்னைப் பொறியியலாளர் என்று எழுதிவைத்திருக்கும் ஸாஹிர், ஒயிலை விரலில் தொட்டு உரசி, முகர்ந்து, வானத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"இது புது ஸ்கூட்டருக்கு ஊத்துற தண்ணி ஒயில், தம்பி. இந்தக் கெழட்டு இஞ்சின்ல நிக்குமா? கெட்டி ஒயில்தான் ஊத்தணும். ஒன்ன நல்லா ஏமாத்தியிருக்காங்க."

கலாராணிக்குத் தெரியாமல் இருக்காது. தவறான ஒயில் கேட்ட ஆட்டோக்காரனை இவர் கண்முன்னாலேயே திட்டி, மாற்றிக் கொடுத்தவள் அவள். தண்ணி ஒயில் சீக்கிரம் தீரும். சீக்கிரம் தீர்ந்தால் சீக்கிரம் வரவேண்டும். இந்த யோசனை முடியும்போது சதீஸ்குமார் ஹெல்மெட்டை கராஜிலேயே மறந்து, அவள் கடைக்குப் பாதி வழி வந்திருந்தார்.

"நீங்க தர்றது தண்ணி ஒயிலாம். ஸாஹிர் நானா சொன்னாரு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் முகம் சிவந்து, அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"கெட்டியும் இருக்கு. தரவா?"

"வேணாங்க. வழக்கமா குடுக்குறதே குடுங்க."

அவள் திரும்பவில்லை. போத்தலில் தூசி இருக்கவில்லை; ஆனாலும் வெகுநேரம் துடைத்தாள். கைக்குக் கை மாறியபோது அது இளஞ்சூடாக இருந்தது.

அன்று ஏற்றம் முழுக்கத் தேயிலைமேல் நீலப் புகை படிந்து கிடந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும், அடுத்த போத்தலுக்குப் போகும்போது கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பாடம் செய்துகொண்டே போனார்.

அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் ஒயில் வற்றிய இஞ்சின் இறுகி, ஒரேயடியாக நின்றுபோனது. பஸ்ஸில் வருகிறவருக்கு ஒயில் தேவையில்லை.