சோபாவில் ஒரு வித்தைக்காரன்

உலகத்தில் இதுவரை பிறந்த கைகளில் தன் கண்ணை ஏமாற்றக்கூடிய கை ஒன்றுகூட இல்லை, இனிமேல் பிறக்கப்போவதற்கும் அறிகுறி தெரியவில்லை என்று பூதக்கண்ணாடி அறிவித்தபோது அவர் வாயில் பாதி முட்டை இருந்தது. அதனால் அறிவிப்பின் கம்பீரம் குறைந்துவிடவில்லை. தீர்ப்பு வாசிக்கிற குரல். மனைவி தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவரும் தீர்ப்பு; எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

பூதக்கண்ணாடி என்பது கடை ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும். அரசாங்கம் கொடுத்த பட்டம் மாதிரி உள்ளுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில், ஜன்னல் இல்லாத அறையில், சுவர் நிறையத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஜனங்கள் எதை எடுத்து எங்கே செருகுகிறார்கள் என்று பார்ப்பது அவர் உத்தியோகம். அந்த உத்தியோகம் அவருக்கு மனித குலத்தின்மேல் தீராத குமட்டலைக் கொடுத்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் மனிதன் மூக்கை நோண்டுகிறான். அதே விரலால் திராட்சையை அமுக்கிப் பார்க்கிறான். பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிட்டுப் போகிறான். வேலையில் சேர்ந்ததிலிருந்து பூதக்கண்ணாடி திராட்சை சாப்பிடுவதில்லை.

"திருடறவன் கையைப் பாக்கறவன் மடையன்," என்று அவர் தொடர்ந்தார். "கை பொய் சொல்லும். தோள் சொல்லாது. சாமான் உள்ள போன உடனே தோள் லேசா ஏறி எறங்கும் பாரு, அங்க அமுக்கணும் ஆளை."

"மாமா," என்றது எதிர்நாற்காலி. "ஒரு சீட்டு எடுங்க."

எதிர்நாற்காலியில் இருந்தது அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி. செல்போன் உறை விற்கும் கடையில் வேலை பார்த்தவன். கடையை மூடியதும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தான். அந்த வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. ஹாலில் இருந்த ஒரே சோபா அவன் படுக்கையாகி, அவன் தலை எண்ணெயைக் குடித்து, ஒரு பக்கம் கறுத்து, கடைசியில் அவன் வாசனையே அதன் வாசனையாகிவிட்டது. டிவி பார்க்க வேண்டுமென்றால் பூதக்கண்ணாடி சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப்போட்டு, சொந்த வீட்டில் டிக்கெட் வாங்கியவர் போல உட்கார வேண்டும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பையன் போனில் வீடியோ பார்த்துச் சீட்டு வித்தை கற்றுக்கொள்ள ஆரம்பித்ததைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

கற்றுக்கொள்கிறவனின் வீடு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுக்கிற எவனும் சொல்வதில்லை. சோப்பு டப்பாவில் ஸ்பேட் ராஜா. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கிளாவர் இரண்டு. சீட்டுக்கட்டிலிருந்து சீட்டைப் பிரிக்க ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை நக்குவான். சீட்டு வழுக்கக் கூடாது என்று உள்ளங்கையில் ஏதோ ஒரு களிம்பு. அந்தக் கையாலேயே உப்பு டப்பாவை எடுப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் கழிப்பறைக்குள் பயிற்சி செய்தான். கதவுக்குப் பின்னாலிருந்து 'சர்ர்ர்' என்று சீட்டுக் கலைக்கும் சத்தம் வரும். பிறகு பொலபொலவென்று எல்லாம் கொட்டும் சத்தம். பிறகு ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியில் அவன் எவற்றை எங்கிருந்து பொறுக்கிக்கொண்டிருப்பான் என்று யோசிக்காமல் இருக்கப் பூதக்கண்ணாடி டிவி சத்தத்தைக் கூட்டுவார். கதவு திறக்கும்.

"மாமா, ஒரு சீட்டு எடுங்க."

ஒருமுறை எடுத்தார். அது ஈரமாக இருந்தது. எதனால் ஈரம் என்று கேட்கவில்லை. பதில் தெரிந்தால் வாழ முடியாது.

இன்றைக்கும் அவர் எடுக்கவில்லை. மனைவிதான் எடுத்தாள், பார்த்தாள், திரும்பக் கொடுத்தாள். தம்பி பழகிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வித்தை: கட்டின் மேலே வந்த சீட்டைச் சத்தமில்லாமல் உள்ளங்கைக்குள் தள்ளி, சுண்டுவிரலுக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, கை காலி என்பதுபோல நடமாடுவது. ஆனால் அவன் கை நண்டு மாதிரி வளைந்து விறைத்து நிற்கும். போதாததற்கு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பான், பள்ளிக்கூட மேடையில் ஆடும் சொந்தக் குழந்தையைப் பார்ப்பதுபோல.

"காணோம்!" என்றான்.

"அய்யய்யோ! எப்படிடா?" என்று மனைவி கன்னத்தில் கை வைத்தாள்.

"வலது கை. உள்ளங்கை. ஓரம் வெளிய தெரியுது," என்றார் பூதக்கண்ணாடி, முட்டையை விழுங்கிவிட்டு. "உனக்கும் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே அய்யய்யோங்கற. அவன் பண்றது திருட்டு, நீ பண்றது அதுக்கு உடந்தை. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

"சின்னப் பையன், சந்தோஷப்படட்டுமே."

"முப்பது வயசு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. ஊரின் பெரிய ஹோட்டல் ஒன்றில், சாப்பாடு வரும்வரை காத்திருக்கும் ஜனங்களுக்கு மேஜை மேஜையாகப் போய் வித்தை காட்ட ஆள் வேண்டுமாம். சம்பளம் சுமார்தான். ஆனால் ஊழியர்களுக்குத் தங்கும் அறை உண்டு.

"அறைன்னா? கட்டிலோடவா?" என்று பூதக்கண்ணாடி கேட்டார்.

"கட்டில், பேன், எல்லாம் இருக்காம் மாமா. ஆனா மேனேஜர் ஒரு தடவை நேர்ல பாக்கணும்னாரு. வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து ஒரு மேஜைல உக்கார வச்சு செஞ்சு காட்டுன்னாரு."

அன்று மாலை பூதக்கண்ணாடி சோபாவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உறையை உரித்துத் துவைக்கலாமா, துணியையே மாற்றிவிடலாமா, இல்லை மொத்தமாக எரித்துவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் சுகாதாரமா என்று யோசனை ஓடியது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, தினமும் எத்தனை திருடனைப் பாக்கறீங்க. அவன் எங்க தப்பு பண்றான்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். இது கிடைக்கலன்னா அவன் எங்க போவான்? இங்கதான் இருக்கணும்."

கடைசி வாக்கியம் அவரை ஆட்டிவிட்டது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"நான் திருட்டுக்கு ட்யூஷன் எடுக்கணுமா?" என்றார். "கையில இருக்கறதை இல்லன்னு காட்டறதுக்கு எங்க கடையில என்ன பேரு தெரியுமா? போலீஸ் கேஸ். ஒரு மனுஷன் கண்ணாடி முன்னால நின்னு, பொய் சொல்றதுக்கு விரலைப் பழக்கறான்னா, அதைவிடக் கேவலம் உண்டா? என் விரல் இந்த ஜென்மத்துல அப்படி மடங்காது."

அவள் இந்த முறை தலையாட்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஹோட்டலில் வெள்ளைத் துணி விரித்த வட்ட மேஜை. மேனேஜர் பூதக்கண்ணாடிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சாஸரை மறந்துவிட்டு, கவுன்ட்டர் பக்கம் ஒரு கண்ணோடு பேசுகிற மனிதர். வலப்பக்கம் மனைவி. எதிரே, கடன் வாங்கிய கோட்டுக்குள், மைத்துனன். நெற்றியில் வியர்வை அரும்பி மூக்கு நுனிக்கு வந்து, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அது சூப்பில் விழும் என்று பூதக்கண்ணாடிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. விழுந்தது. அவர் சூப்பை நகர்த்தி வைத்தார்.

"சார், ஒரு சீட்டு எடுங்க."

மேனேஜர் எடுத்தார். ஆட்டின் ஏழு. ஏழு சிவப்பு இதயங்களையும் எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கட்டுக்குள் செருகினார். பையன் கலைத்தான். ஆட்டின் ஏழு மேலே வந்ததும், உள்ளங்கைக்குள் போனதும், தோள் காதுவரை ஏறியதும் பூதக்கண்ணாடிக்குத் தெருவிளக்கு மாதிரி தெரிந்தன. நண்டு உருவானது. பையன் நண்டையே பார்த்தான்.

"இப்போ கட்டை நீங்களே பாருங்க சார். உங்க சீட்டு இருக்காது."

மேனேஜர் கோப்பையை மேஜைத் துணிமேலேயே வைத்துவிட்டு, கட்டை வாங்கிப் புரட்ட ஆரம்பித்தார். பையனின் திட்டம், மேஜையைச் சுற்றி வந்து, பூஜாடியைத் தூக்கும் சாக்கில் சீட்டை அதற்கு அடியில் வைப்பது. சுற்றி வந்தான். பூதக்கண்ணாடியின் நாற்காலியைத் தாண்டும்போது, களிம்பும் வியர்வையும் சேர்ந்து சதி செய்ய, ஆட்டின் ஏழு வழுக்கி அவர் மடியில் விழுந்தது.

பையன் முகத்தில் ரத்தமே இல்லை. காலிக் கையோடு பூஜாடியைத் தூக்கினான், வைத்தான், மறுபடி தூக்கினான்.

மேனேஜர் கட்டின் கடைசிச் சீட்டுகளுக்கு வந்துவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் நிமிர்ந்து, எங்கே என்று கேட்பார். பையன் உளறுவான். மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். அவன் நேரே போய்ச் சோபாவில் விழுவான், கோட்டோடு, வியர்வையோடு, சாகும்வரை. பூதக்கண்ணாடியின் கண்முன்னால் அந்தக் கறுத்த பக்கம் வந்து நின்றது.

"சார்," என்றார் அவர், கவுன்ட்டர் பக்கம் லேசாக மோவாயைக் காட்டி. "தப்பா நினைக்காதீங்க. உங்க கேஷியர் டிராயரைத் திறந்து போட்டுட்டு எழுந்து போறான்."

மேனேஜரின் கழுத்து அந்த வேகத்தில் திரும்பிச் சுளுக்காமல் இருந்தது பெரிய விஷயம். மடியில் கிடந்தது பிசுபிசுப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலால் எடுத்தார். இடது கை மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவியது. வலது கை காலிச் சாஸரைச் சற்று நகர்த்தி ஒழுங்காக வைத்தது. அவ்வளவுதான்.

"டிராயர் மூடித்தான் இருக்கு," என்று மேனேஜர் திரும்பினார்.

"அப்படியா? இங்கேருந்து திறந்த மாதிரி தெரிஞ்சுது."

"சரி தம்பி. கட்டுல இல்ல. என் சீட்டு எங்க?"

"இந்த... இந்த மேஜைலதான் சார் எங்கயோ இருக்கணும்," என்றான் பையன், உண்மையைத் தவிர வேறு கைவசம் இல்லாததால்.

மேனேஜர் சிரித்தபடி காபிக் கோப்பையைச் சாஸரில் வைக்கப்போனார். சாஸர் ஆடியது. தூக்கினார். ஆட்டின் ஏழு.

மேஜையில் இரண்டு பேர் கத்தினார்கள். மேனேஜர் சுமாராக. பையன் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நிற்கும் அளவுக்கு.

"அபாரம்!" என்ற மேனேஜர் பூதக்கண்ணாடி பக்கம் திரும்பினார். "சார், நீங்க காமிரால திருடனைப் பிடிக்கிறவர்னு தம்பி சொன்னாரு. உங்க கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

பூதக்கண்ணாடி நாப்கினால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் இப்படி ஒரு கசப்பு நாக்கில் ஏறியதில்லை.

"இல்ல சார். ஒண்ணும் தெரியல."

"அதான் வேணும்! சனிக்கிழமை முதலாளி வர்றாரு. இதே ஐட்டம், இதே மேஜை, நீங்க மூணு பேரும் வந்துடுங்க. அவரு சரின்னுட்டா அன்னைக்கே ரூம் சாவி."

வீடு திரும்பும் வழியெல்லாம் பையன் தன் வலது கையை முன்னால் நீட்டி, புதிதாக வாங்கிய பொருள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"வீடியோல சொன்னான் மாமா. பழகிக்கிட்டே இரு, ஒரு நாள் கை தானா செய்யும், உனக்கே தெரியாதுன்னு. எனக்கு நிஜமாவே தெரியல மாமா!"

வீட்டுக்கு வந்ததும் தானாகச் செய்யும் கை தானாகச் செய்யவில்லை. ஆட்டின் ஏழு தரையில் விழுந்தது, தண்ணீர்ச் செம்பில் விழுந்தது, ஒருமுறை பூதக்கண்ணாடியின் செருப்புக்குள் விழுந்தது. பையன் கவலைப்படவில்லை, சனிக்கிழமை கைக்கே ஞாபகம் வந்துவிடும் என்று கழிப்பறைக்குள் போய்விட்டான்.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"உங்க தோள் ஏறி எறங்குச்சு."

"எப்ப?"

"டிராயர் திறந்திருக்குன்னீங்களே, அப்ப. நல்லவேளை, அந்த ஆள் அங்க பாத்தான். சனிக்கிழமை முதலாளி கவுன்ட்டரைப் பாத்துத்தான் உக்காருவாராம். அவர்கிட்ட டிராயர் கதையெல்லாம் எடுபடாது."

"நீ என்ன சொல்ற, எனக்கு ஒண்ணும் புரியல."

"புரியலன்னா சரி," என்று அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

மறுநாள் கடையில், ஜன்னல் இல்லாத அறையின் கதவைப் பூதக்கண்ணாடி உள்ளே தாழிட்டுக்கொண்டார். புதிய காவலாளிகளுக்குக் காட்டுவதற்காகச் சேர்த்துவைத்திருக்கும் பதிவுகளில் ஒன்றைத் தேடி எடுத்தார். டை கட்டிய ஒரு பெரிய மனிதர் ப்ளேடு பாக்கெட்டை எடுத்து விலை பார்க்கிறார். இடது கை கண்ணாடியைச் சரி செய்கிறது. வலது கை தொங்குகிறது. பாக்கெட் இல்லை. தோள் அசையவே இல்லை. அந்த ஆளை வேறொரு காமிரா பிடித்திருக்காவிட்டால் அவர் இன்றுவரை பெரிய மனிதர்தான். இந்தப் பதிவை ஓட்டும்போதெல்லாம் பூதக்கண்ணாடி காவலாளிகளிடம் "தூ" என்று சொல்லிக் காட்டுவது வழக்கம்.

இன்று சொல்லவில்லை. பின்னால் ஓட்டி, வேகத்தைக் குறைத்தார். பிறகு கைக்குட்டையை விரித்து, வீட்டிலிருந்து சுருட்டி வந்த ஒரு சீட்டை எடுத்தார். முகர்ந்தார். முகம் சுருங்கியது. இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்து, வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இடது கையால் போடாத கண்ணாடியைச் சரி செய்தார். சீட்டு தொப்பென்று விழுந்தது.

மேஜைமேல் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "சார், ஷாம்பு பக்கம் ஒருத்தன் ரொம்ப நேரமா சுத்திக்கிட்டே இருக்கான். பாக்கறீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான்யா இருக்கேன்," என்றார் பூதக்கண்ணாடி, குனிந்து சீட்டைப் பொறுக்கியபடி.

டை கட்டியவரை மறுபடி பின்னால் ஓட்டினார். சுண்டுவிரலை இன்னும் கொஞ்சம் மடக்க வேண்டியிருந்தது.