செரோப் ஏறக்கூடாத குதிர்

நாலு பிள்ளை பெற்ற பிறகும் அந்த வீட்டில் செரோப்புக்குப் பெயர் ‘சின்னப் பொண்ணு’தான். எல்கான் மலைச்சரிவில் இருக்கும் அந்த ஊரில், பெண்ணுறுப்பை அறுக்கும் சடங்கில் கத்தி படாத பெண் தலை நரைத்தாலும் சிறுமிதான். சிறுமி தானியக் குதிரில் ஏறக்கூடாது. மக்காச்சோளம் விதைப்பது, களையெடுப்பது, கதிர் ஒடிப்பது, முதுகு ஒடியச் சுமந்து வருவது எல்லாம் செரோப். ஆனால் சமைக்க நாலு கதிர் வேண்டுமென்றால், கூடையோடு குதிருக்குக் கீழே நின்று யாரையாவது கூப்பிட வேண்டும்.

மாமியார் யப்சிவா இருந்தால் அவள் ஏறி எடுத்துத் தருவாள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஓரகத்தி செலங்காத். அவளும் சந்தைக்குப் போயிருந்தால் பிள்ளைகள் பசியில் அழும். செரோப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழைக்காயை வேகவைப்பாள்.

செரோப்பின் அப்பா, தன் தங்கை அந்தச் சடங்கில் ரத்தம் போய்ச் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். மகள்களில் ஒருத்தியையும் கத்திக்குக் கொடுக்கவில்லை. பெண் கேட்டு வந்த முசோபோ, “அதெல்லாம் இப்ப யாரு பாக்குறாங்க?” என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொண்டான். பிறகு அரசாங்கமும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆனால் யப்சிவா வாசலுக்கு எந்தச் சட்டமும் வரவில்லை.

சடங்கு மாதமான டிசம்பர் இந்த வருஷம் நெருங்கும்போது அவள் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றைத் தாண்டி நாட்டு எல்லைக்கு அப்பால் அறுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாளாம். காலையில் போனால் வேலை முடிந்துவிடும், போலீசுக்குத் தெரியாது. செரோப் மாட்டேனென்றால் மகனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவாளாம்.

“ஏங்க, உங்கம்மா சொல்றது காதுல விழுதா இல்லையா?” என்று செரோப் புருஷனைக் கேட்டாள்.

முசோபோ மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். “விழுது. வயசானவங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்.”

“அனுசரிக்கிறதுன்னா? போய் அறுத்துக்கவா?”

“நான் அப்படியா சொன்னேன்? வலி கொஞ்ச நாள்தானே... எனக்கும்தான் பண்ணாங்க.”

“உங்களுக்குப் பண்ணதுல பிள்ளை பெக்கறப்போ உசிரு போகுதா? பொண்டாட்டி பக்கத்துல வந்தா உடம்பு நடுங்குதா? போய் செலங்காத் அக்காவைக் கேளுங்க.”

“அவங்ககிட்ட நான் எப்படிடி கேக்கறது?”

“கேக்க முடியாதுல்ல? அப்ப எனக்கும் புத்தி சொல்லாதீங்க.”

அவன் மறுபடியும் சேற்றைச் சுரண்டினான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். எதிர்த்து ரெண்டு வார்த்தை பேசினாலாவது சண்டை போட்டுத் தீர்க்கலாம். இவன் அம்மா பேசும்போது அம்மாவுக்குத் தலையாட்டுவான், இவள் பேசும்போது இவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை முசோபோவின் பெரியப்பா துவாலா, இன்னும் ரெண்டு ஆட்களோடு வந்து உட்கார்ந்தார். ரெண்டாம் கல்யாணப் பேச்சு. யப்சிவாவே சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் முந்தின நாள் மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து, வீங்கிய காலை நீட்டி வாசலில் கிடந்தாள்.

“வந்தவங்களுக்குக் களி கிண்டணும். செலங்காத்தைக் கூப்பிட்டு கதிர் எடுக்கச் சொல்லு” என்று மருமகளை ஏவினாள்.

செலங்காத் வந்தாள். ரெண்டு பிரசவத்திலும் நாள் கணக்கில் துடித்து, ரெண்டு பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுத்தவள். குதிரின் ஏணியில் ஒரு கையை வைத்தவள், ஆண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கையை எடுத்துக்கொண்டாள்.

“நான் ஏற மாட்டேன் அத்தை.”

“ஏன்டி, உனக்குமா கால் சுளுக்கு?”

“கால் நல்லாத்தான் இருக்கு. என்னை அறுத்ததுக்கு எனக்குக் கெடச்சது இந்த ஏணி ஒண்ணுதான். பிள்ளை கெடைக்கல. ராத்திரியானா புருஷன் செருமல் கேட்டாலே பயம். அந்த மனுஷன் வேற வீடு தேடிப் போயிட்டாரு. இப்ப இவளையும் அதுக்கு அனுப்பப் பாக்குறீங்க. இனி உங்க வீட்டுச் சோளத்தை நீங்களே எடுத்துக்கோங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

“சரி, வாழைக்காயாவது வெட்டி வேகவை” என்றாள் யப்சிவா, செரோப்பிடம்.

செரோப் அடுப்படியிலிருந்து வந்து மாமியார் பக்கத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். “நான் சின்னப் பொண்ணு அத்தை. சின்னப் பொண்ணு எங்கயாவது விருந்து சமைக்குமா? களை எடுக்குமா? எனக்கும் பசிக்குது, யாராவது சோறு போடுங்க.”

“திமிரைப் பாத்தியாடா!” என்று யப்சிவா மகனைப் பார்த்துக் கத்தினாள்.

“அடேய், வயிறு காயுது” என்றார் துவாலா.

முசோபோ எல்லார் முகத்தையும் பார்த்தான். குதிரில் கை விடுவது ஆம்பளைக்குப் பெரிய வெட்கக்கேடு. ஆனாலும் எழுந்தான். கூடையைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினான். உள்ளே இருட்டில் எதிலோ தலையை இடித்துக்கொண்டு, கதிர்களைக் கண்டபடி வீசினான். ஒன்று துவாலாவின் முழங்காலில் விழுந்தது.

“பெரியப்பா,” என்று மேலிருந்தே கத்தினான், “ரெண்டாம் கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஒருத்தியையே என்னால சமாளிக்க முடியல. இவளை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்!”

அன்றைக்குக் களி கிண்டியது செரோப்தான். துவாலா ரெண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, வந்த விஷயத்தைப் பேசாமலே கிளம்பினார். யப்சிவா மூணு நாள் யாரோடும் பேசவில்லை.

நாலாம் நாள் மலை உச்சி கறுத்தது. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, “குதிர்க் கூரை ஒழுகினா சோளம் போயிடும். யாராவது ஏறிப் பாத்துத் தொலைங்க” என்றாள்.

வீட்டில் மாமியாரைத் தவிர செரோப் மட்டும்தான் இருந்தாள்.

அவள் ஏறினாள். பின்பக்கத்துக் கதிர்கள் எல்லாம் பூசணம் பிடித்து, எலி கடித்து, கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தன. மாமியாருக்குக் கண் மங்கி வருஷக்கணக்காகிறது. அவளும் செலங்காத்தும் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துத் தந்திருக்கிறார்கள். செரோப்புக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தான் முதுகில் சுமந்து வந்த சோளம்.

“அத்தை! இதைத்தான் நான் தொடக்கூடாதுன்னு காவல் காத்தீங்களா? பாதி மக்கிப்போச்சு!”



“நல்லதைப் பிரிச்சு வை,” என்றாள் யப்சிவா. “கத்தாதே.”

“கத்தத்தான் செய்வேன்” என்று சொல்லிக்கொண்டே, செரோப் மக்கிய கதிர்களை அள்ளி அள்ளி முற்றத்தில் எறியத் தொடங்கினாள்.