ஒரு விரல் இடுக்கு

நெய்னா முகம்மதுவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? தனுஷ்கோடி கப்பல் துறையில் பன்னிரண்டு வருஷமாகத் தச்சு வேலை பார்க்கிறவன் நான், கூத்தையா. அவனோ கீழக்கரையில் தோணி கட்டுகிற ஓடாவி, நேற்று வந்தவன். அதற்குள் எஞ்சினியர் வாயைத் திறந்தால் "நெய்னா, நெய்னா" தான்.

துறைமேடையின் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். ஆனால் தலைமன்னார் கப்பல் ஒரு நாளும் நிற்கக் கூடாது. அதனால் நடுவில் கயிறு கட்டி, ஒரு பாதியில் ஜனங்களை நடக்கவிட்டு மறுபாதியில் வேலை. முதல் பாதி நெய்னாவுக்கு, அடுத்தது எனக்கு. வேலை முடிந்ததும் எங்களில் ஒருவனை நிரந்தர மேஸ்திரியாகப் போடுவார்கள்.

அவன் தோணிக்கு அடிப்பதுபோல் பலகையோடு பலகையை ஒட்டி, எறும்பு நுழையாதபடி இறுக்கினான். தோணிக்கு அது சரி. நனைந்து ஊதினால் இன்னும் இறுகும், தண்ணீர் புகாது. மேடைக்கு ஒரு விரல் இடுக்கு விடவேண்டாமா? விடாவிட்டால் ஊதின பலகை மேலேதானே கிளம்பும்? எனக்குத் தெரியும். நன்றாக மாட்டட்டும் என்று இடித்த புளி மாதிரி இருந்தேன்.

எஞ்சினியர் அதன்மேல் நடந்து பார்த்தார்.

"பாரும் கூத்தையா, குழந்தைங்க கால்கூட மாட்டாது. இதுவல்லவா வேலை!"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் ரயிலைவிட்டு இறங்கிய கூட்டம் மூட்டை முடிச்சோடு அவன் பாதியில் போய்க்கொண்டிருந்தது. என் பாதியைப் பெயர்த்துப் போட்டிருந்தோம். திடீரென்று பலகைகள் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பின. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அப்போதுதான் கைக்குழந்தையோடு ஒருத்தி குப்புற விழுந்தாள். குழந்தையின் நெற்றியில் ரத்தம். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

நெய்னா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினான். எஞ்சினியர் என்னிடம் பாய்ந்தார்.

"பன்னெண்டு வருஷமா இருக்கீரே, இது உமக்குத் தெரியாதா?"

தெரியும் என்றால் நான் பாவி. தெரியாது என்றால் மேஸ்திரி வேலை போச்சு.

"அண்ணே அப்பவே சொன்னாருங்கய்யா, ஒரு விரல் விடுன்னு" என்றான் நெய்னா. "நாந்தேன் கேக்கல."

அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள். நான் மேஸ்திரி. சாயங்கால ரயிலில் உளிப்பையோடு உட்கார்ந்திருந்தவனிடம் போனேன்.

"ஏன் தம்பி அப்புடிச் சொன்ன?"

"பலகைய இறுக்கையில ஒங்க மொகத்தப் பாத்தேன்ணே. ஏதோ தப்புன்னு தெரிஞ்சுச்சு, இடுக்குதேன்னு இன்னைக்குப் பலகை எழும்பவுந்தேன் புரிஞ்சுச்சு. ஒங்ககிட்டப் போயிக் கேக்கவான்னு ஒரு வீம்பு. ஒங்க மேல எனக்கும் வயித்தெரிச்சல்தேன்."

ரயில் கிளம்பிவிட்டது. குழந்தைக்குத் தழும்போடு போயிற்று என்றார்கள். நான் அவனைப் போல் என் தப்பை ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தை எஞ்சினியரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவன் பேரைக் கேட்டால் இப்போதும் வயிறு எரிகிறது, முன்னைவிட அதிகமாக.