மாறாத நானூறு

பதினெட்டாயிரத்து நானூறு. மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்காகப் படிப்பாளி தன் மேஸ்திரியிடம் பட்ட கடன் அது. சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் அவன். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போனதால் கூட்டாளிகள் வைத்த பெயர்தான் படிப்பாளி. கடன் பத்திரத்தில் அன்று அவன் வைத்தது கைநாட்டு. வாரம் நானூறு கூலியில் பிடிப்பதாகப் பேச்சு. கடன் தீர்ந்தால்தான் மேஸ்திரி ஆளை விடுவார். வரும் திங்கட்கிழமை முதல், லாரிகளை எடை போடும் எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை அவனுக்காகக் காத்திருந்தது.

வகுப்பில் சமன்பாடு நடத்தியிருந்தார்கள். மாறாத நானூறு மாறிலி. தெரியாத வாரக் கணக்கு மாறி. வகுத்தால் நாற்பத்தாறு. வீட்டுச் சுவரில் வாரத்துக்கொன்றாக நாற்பத்தாறாவது கோடு விழுந்த சனிக்கிழமை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஸ்திரி முன் போய் நின்றான்.

"அண்ணே, செவுத்துல நாப்பத்தாறு கோடு ஆச்சு, கடன் தீந்துபோச்சு. பத்திரத்தக் குடுங்க."

"கிடங்கு மூணு வாரம் மூடிக் கிடந்துச்சே, அப்ப எதுலய்யா பிடிச்சேன்? இன்னும் ஆயிரத்து எரநூறு நிக்குது."

"படிப்பாளி, செவுத்துக்கும் கூலி குடுத்தாங்களா?" என்றான் ஒருவன். கிடங்கே சிரித்தது.

வீட்டில் மனைவி டப்பாவைக் கவிழ்த்துக் கூலிச் சீட்டுகளைக் கொட்டினாள்.

"கோடு கிழிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு இதப் பாக்கத் தெரியலையா?"

அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. வாயால் சொன்னதை நம்புவது கைநாட்டுக் காலத்துப் பழக்கம். விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். முப்பத்தொரு சீட்டில் பிடித்தம் நானூறு. கூடுதல் லாரி இறக்கிய பன்னிரண்டு வாரமும் ஐந்நூறு. மாறாது என்று அவன் வைத்ததே மாறியிருந்தது. கூட்டினால் கடன் சரியாக அடைந்திருந்தது. ஆனாலும் அவன் சீட்டுகளை மறுபடி டப்பாவுக்குள் தள்ளினான்.

"கேட்டா, வம்புக்காரன்னு எடைமேடைக்கே சொல்லிடுவாரு."

"கேக்காட்டி மூணு வாரம் தூக்கு. அதுவரைக்கும் உன் நாற்காலியத் தொடச்சு வச்சிருப்பாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி வீட்டு மேசையில் சீட்டுகளைப் பரப்பினான். அவருடைய நோட்டில் வரிக்கு வரி நானூறுதான்.

"வாரம் நானூறுக்குக் குறையாமன்னுதான் பத்திரத்துல இருக்கு," என்றார் மேஸ்திரி.

படிப்பாளிக்குக் கரும்பலகை கண்ணில் வந்தது. குறையாமல் என்றால் சமமாகவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். சமனிலி என்று அதற்குப் பெயர். சீட்டில் இருந்த ஐந்நூறின் மேல் விரலை வைத்தான்.

"கூடப் பிடிச்சது தப்பில்லண்ணே. பிடிச்சத எழுதணும்ல?"

மேஸ்திரி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு பத்திரத்தின் குறுக்கே கோடு இழுத்து, 'தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

படிப்பாளி எழுத்துக்கூட்டி வாசித்தான். மடிக்கவில்லை.

"தேதியும் போட்டுடுங்கண்ணே."