ஸ்த்ராவ்கோவின் இடது புருவம்

போக்கர் சீட்டாட்டத்திலிருந்து அதிர்ஷ்டத்தை ஒழித்துக்கட்டியவள் ருமியானா. ப்ளோவ்திவ் பல்கலைக்கழகத்தில் கணிதம் மூன்றாம் ஆண்டு. நான்கு மேசை, எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் முன்கூட்டியே அடுக்கிய சீட்டு. மூன்றாம் நாற்காலியில் உட்காரும் நால்வருக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே சீட்டுதான் வரும். அதை வைத்து யார் எப்படி ஆடினார் என்று ஒப்பிட்டுப் புள்ளி. நல்ல சீட்டு வரவில்லை என்று யாரும் அழ முடியாது. பாதிப் பேருக்கு விளையாடும் ஆசையே போய்விட்டது.

அன்று விளையாட்டுத் துறையிலிருந்து பேராசிரியர் த்ஸான்கோவ் வந்திருந்தார். இது திறமை ஆட்டம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டால் சதுரங்கத்தோடு எங்கள் போக்கர் மன்றத்தின் பெயரும் பல்கலைக்கழக விளையாட்டுப் பட்டியலில் ஏறும். இல்லாவிட்டால் எங்கள் அறை மேசைப்பந்துக்காரர்களுக்கு.

பதின்மூன்றாம் ஆட்டத்தில் சீக்கிரமே சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொண்டு புகைக்கப் போனேன். நடுவில் வெளியே போகக் கூடாது என்பது ருமியானாவின் விதி. படிக்கட்டில் இரண்டாம் மேசையின் மூன்றாம் நாற்காலிக்காரன் பிளாமென் நின்றிருந்தான். என் மேசையில் எனக்கும் அதே நாற்காலி.

"கேளுடா ஒக்னியான். கையில ரெண்டு ராணி. இருந்த பந்தய வில்லை மொத்தத்தையும் தள்ளிட்டேன். எதிர்ல அந்தப் பய ரெண்டு ராஜா வச்சிருக்கான்."

"எந்த ஆட்டத்துல?"

"பதினாலு. ஏன், நீங்க இன்னும் ஆடலையா?"

"ஆடியாச்சே" என்றேன்.

ருமியானாவிடம் சொல்லியிருந்தால் அந்த ஓர் ஆட்டம் ரத்தாகியிருக்கும், அவ்வளவுதான். நான் பிளாமெனிடம் தீப்பெட்டி வாங்கிப் பற்றவைத்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இரண்டு ராணி வந்தது. எதிரே ஸ்த்ராவ்கோ, சூரியகாந்தி விதை கொறித்தபடி, தன் வில்லைகள் எல்லாவற்றையும் நடுவே தள்ளினான். நான் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தேன். அதுதான் சிரமமாக இருந்தது. பிறகு சீட்டைக் கவிழ்த்தேன்.

கடைசியில் ருமியானா பலகையில் எழுதினாள். மூன்று மேசையில் ராணிக்காரர்கள் காலி, ஒருவன் மட்டும் தப்பினான்.

"அதே சீட்டு சார். இத எப்படி சார் அதிர்ஷ்டம்னு சொல்வீங்க?" அது அவளுடைய இரண்டு வருட உழைப்பு.

த்ஸான்கோவ் என் பக்கம் திரும்பினார். "எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

அவளைப் பார்த்தேன். "ஸ்த்ராவ்கோவோட இடது புருவம் லேசா ஏறிச்சு சார்."

ஸ்த்ராவ்கோ புருவத்தைத் தொட்டுப் பார்த்தான். "நெசமாவா?"

"எப்பவுமே ஏறும்டா."

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் ஸ்த்ராவ்கோ கம்பளித் தொப்பியை இடது கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் விளையாடுகிறான். அவனுக்குப் பாதி மேசை தெரிவதில்லை. தோற்றுக்கொண்டே இருக்கிறான். போன வாரம் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"இப்ப வெளிய தெரியுதாடா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் ருமியானா நாற்காலிமேல் ஏறி, அனுமதிக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். நேராக இருக்கிறதா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கொஞ்சம் தெரியுது" என்றேன் ஸ்த்ராவ்கோவிடம்.

அவன் நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டான்.