வெள்ளிக்கிழமை திறக்கும் டப்பா

எங்கள் பள்ளியில் உடல்நல வகுப்பு வெள்ளிக்கிழமைதான். சந்தேகங்களைப் பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். வகுப்பில் டீச்சர் டப்பாவைத் திறந்து பதில் சொல்வார். அந்த டீச்சர் என்னைப் பெற்றவள். என் தலையெழுத்து!

போன சனிக்கிழமை, டியூஷனில் என்னோடு படிக்கிறவனும் நானும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஒன்றாக இருந்துவிட்டோம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றான், பெரிய டாக்டர். கரு தங்காமலிருக்க ஏதோ மாத்திரை இருக்கிறதாம், நாள் கடந்தால் பலிக்காதாம் என்று மட்டும் காதில் விழுந்திருந்தது. எத்தனை நாள்? தேடிப் பார்க்கலாமென்றால் போன் அம்மாவுடையது. மருந்துக்கடைக்காரர் அம்மாவிடம் படித்தவர்.

திங்கட்கிழமை டப்பாவின் ஞாபகம் வந்தது. என் கோழிக்கிறுக்கலை அம்மா கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் பக்கத்தில் உட்காரும் அச்சுவை எழுதச் சொன்னேன். எழுத்து அச்சடித்தது போலிருக்கும் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். லீவ் லெட்டரிலிருந்து வரவேற்புப் பலகை வரை அவள் கைதான்.

"யாருக்குடி இது?"

"கேக்காத, எழுது."

எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே டப்பாவில் போட்டேன். பள்ளிக்கே தெரிந்த ஒரே கையெழுத்தைத் தேடிப் பிடித்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அம்மா சீட்டைப் பிரித்து, "கரு தங்காமலிருக்க மாத்திரையை எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?" என்று சத்தமாகப் படித்தாள்.

"எந்திரிடி அச்சு. நல்வரவு எழுதுற கைதானே இது? எவன்கூட சுத்துன?"

அச்சு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

"அங்க என்ன பார்வை? எம்பொண்ணையும் கெடுக்கப் பாக்குறியா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தியமாக, மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். அச்சு வாயைத் திறக்கவில்லை. அவள் அப்பாவை வரவழைத்தார்கள். வராந்தாவிலேயே அவள் கன்னத்தில் அறை விழுந்தது. சீட்டு குப்பைக்கூடைக்குப் போயிற்று. பதிலை யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஒரு எழவும் தெரியல. மூணு நாளுக்குள்ள போடணும், மிஞ்சிப்போனா அஞ்சு. இதுகூடத் தெரியாம ஆட்டம் போடுதுங்க."

ஆறு நாள் ஆகியிருந்தது.

"கிளாஸ்லயே சொல்லியிருக்கலாமேம்மா. பாவம் அவ."

"பாவமா? திங்கக்கிழமை சாயங்காலமே டப்பாவத் தொறந்து பாத்துட்டேன். கையெழுத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. நாள் தாண்டட்டும்னுதான் திரும்ப உள்ளயே போட்டு வச்சேன். மாட்டட்டும், அப்பத்தான் புத்தி வரும்."

என் சீருடைப் பாவாடையை உதறி, மடிப்புக் கலையாமல் நீவி, என் மடியில் வைத்தாள்.

"நல்லவேளை, நீ என் வயித்துல பொறந்த" என்றாள்.