அன்னலட்சுமி ரீச்சரின் இருட்டுத் திகதிகள்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

1999ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை லிங்கநகர் வழியாகச் சைக்கிளில் போனேன். ஒரு வீட்டுக் கொடியில் கடும்நீலக் கம்பளி மேலங்கி ஒன்று தொங்கியது. குளிர்நாட்டுக் கப்பல்காரர் போடுகிற சாதி. நிழலில் நின்றாலே முதுகு நனைகிற திருகோணமலையில் அதை யார் போடுவார்? வீடு அன்னலட்சுமி ரீச்சருடையது. ‘இவவும் வெளிக்கிடுறா’ என்று நினைத்தேன். அந்த நாட்களில் எங்கள் ஊரிலிருந்து யாரும் வெளிநாடு பார்க்கப் போனதில்லை. போனால் போனதுதான்.

(இதற்கு முன் வேறொரு தொடக்கம் வைத்திருந்தேன்: “வடதுருவ வானில் பச்சை ஒளி பாம்புபோல் நெளியும்போது, அதைப் பார்க்கவென்றே பிறந்த ஒருத்தி…” நான் அந்த வானத்தைக் கண்டதில்லை. யாரும் எதையும் பார்க்கவென்று பிறப்பதுமில்லை. வெட்டிவிட்டேன்.)

2

கதை சொல்கிற என்னையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் பெயர் சிவகுருநாதன். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அண்மையில் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். இடமாற்றம், இழப்பீடு, காணாமல் போன மகன், வெளிநாட்டு விசா என எல்லாக் கடிதமும் என் விரலால்தான் போகும். அந்தத் தொழில் எனக்கு ஒன்றைப் பழக்கியது: எழுதித் தருகிற காரணத்துக்குக் கீழே இன்னொரு காரணம் இருக்கும். நான் அதைத்தான் வாசிப்பேன்.

மேலங்கியைப் பார்த்த அடுத்த கிழமை ரீச்சரே கடைக்கு வந்தார். வயது நாற்பத்துமூன்று. புவியியல் படிப்பிப்பவர். மணம் முடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தடித்த மட்டை போட்ட குறிப்பேடு ஒன்றை, சீ.ஆர். கொப்பியை, மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, நோர்வே தூதரகத்துக்கு ஒரு கடிதம் அடிக்கவேணும். பத்து நாள் லீவிலை போய், துருவ ஒளியைப் பாத்துப்போட்டு வரப்போறன்.”

“என்னத்தை?”

“வானத்திலை வெளிச்சம் வருமே. அதை.”

நான் இயந்திரத்தில் தாளைச் சொருகினேன். “ரீச்சர், என்னட்டை உண்மையைச் சொல்லலாம். அகதி விண்ணப்பம் எண்டால் அதுக்கு வேறை மாதிரி எழுதவேணும்.”

“நான் சொன்னதுதான் உண்மை.”

“ஏன் அதைப் பாக்கவேணும்?”

“ஆசையா இருக்கு. அது காணாதா?”

3

அவர் சொன்னபடியே கடிதத்தை அடித்துக் கொடுத்தேன். ஆனால் அந்த ஆசை காணாது, போதாது என்றுதான் எனக்குப் பட்டது.

கதை எழுத உட்கார்ந்தபோதும் அதே தொல்லை. ஒரு பாத்திரம் ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் வாசகர் நம்புவாரா? ஆகவே அவருக்குக் காரணங்கள் செய்து பார்த்தேன். முதல் காரணம், கடலில் காணாமல் போன ஒரு காதலன். அப்படி ஒருவர் இருந்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை. இரண்டாவது: “எங்கள் வானத்தில் எந்த வெளிச்சம் எழுந்தாலும் நிலத்தில் குப்புறப் படுத்த ஒருத்தி, நிமிர்ந்து நின்று பார்க்கக்கூடிய ஒரு வெளிச்சத்தைத் தேடினாள்.”

இந்த வசனத்தில் எனக்குப் பெருமை. அதனாலேயே அதன்மேல் ஐயம். அது என்னுடைய வசனம். ரீச்சர் அப்படியெல்லாம் கதைக்கிறவர் இல்லை.

4

அவருடைய திட்டம் பெரும்பாலும் செலவைக் குறைக்கிற திட்டம். சின்னம்மாவின் மகன் தவராசா எண்பத்தேழிலேயே நோர்வேக்குப் போய், அந்த நாட்டின் வடக்குக் கடைக்கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் அவருடைய கட்டில் சும்மா கிடக்கும். எனவே தங்கச் செலவில்லை. விமானத்துக்கு, இரண்டு இடத்தில் மாறி ஏறுகிற மலிவான பயணச்சீட்டு. மேலங்கி, துறைமுக வீதியில் கப்பல் பழம்பொருள் விற்கிற கடையில் வாங்கியது. சாப்பாட்டுக்கு வறுத்த மா, கருவாடு. (மீன் தொழிற்சாலை ஊருக்குக் கருவாடு கொண்டுபோகிறவர் என்று நான் சிரித்தேன். “அவங்கட மீன் என்ன விலை எண்டு தவராசா எழுதினவன்” என்றார்.)

குளிருக்குப் பழகவும் வழி வைத்திருந்தார். அவருடன் படிப்பித்த கிண்ணியா ஸஹாப்தீன் மாஸ்டரின் மச்சானுக்கு மீன்வாடிக்குப் பக்கத்தில் ஐஸ் போடுகிற ஆலை இருந்தது. சனிக்கிழமைகளில் ரீச்சர் அங்கே போய், மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஐஸ் அறைக்குள் இருபது நிமிடம் இருப்பார். வெளியே ஸஹாப்தீன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊர் இதைப் பார்த்தது. ஊர் என்ன நினைத்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

தவராசாவின் கடிதமொன்றை எனக்கு வாசித்துக் காட்டினார்: “அக்கா, அது இங்கே அடிக்கடி வரும். வேலை முடிஞ்சு வரேக்கை நான் தலை நிமிர்த்திறதில்லை. நீங்கள் வந்தால் உங்களோடை சேர்ந்து பாக்கிறன்.”

அந்த மாதத்திலேயே, ரீச்சரின் வெற்றிடத்துக்கு என்று இரண்டு பேர் இடமாற்ற மனு அடிக்க என்னிடம் வந்தார்கள். அவர் இன்னும் விசாக் கடிதத்தைத் தபாலிலேயே போட்டிருக்கவில்லை. இரண்டு மனுவையும் அடித்துக் கொடுத்தேன்.

5

இனிக் கொப்பி.

துருவ ஒளி தெரிய வானம் இருட்டாக இருக்கவேண்டும், நிலவு கூடாது. ஆகவே ரீச்சர் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை அமாவாசைத் திகதிகளை எல்லாம் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணிக்கு இருட்டும், எத்தனை மணித்தியாலம் இருட்டாக இருக்கும், எந்தத் திசையைப் பார்க்கவேண்டும் என்று குறித்திருந்தார். மாசி, அதாவது பெப்ரவரி, ஐந்தாம் திகதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

ஒரு துறைமுக நகரத்தில், யுத்த காலத்தில், இப்படியொரு கொப்பியைக் கைப்பையில் கொண்டு திரிவது எவ்வளவு—

(இந்த வசனத்தை முடிக்கவில்லை. முடித்தால் குற்றம் அவர்மேல் விழுகிற மாதிரி ஆகிவிடுகிறது.)

ஆடி மாதம் பாடசாலை விட்டு வரும்போது சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கொப்பியை எடுத்தார்கள். அவரையும் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

6

இந்தப் பகுதியை நான்கு தரம் எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் பத்து மணிபோல் சிவில் உடுப்பில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் நல்ல தமிழ் கதைத்தார்.

“அன்னலட்சுமி எண்ட ரீச்சரைத் தெரியுமே?”

“ஓம். கடிதம் அடிக்க வாறவ.”

கொப்பியை மேசையில் விரித்தார். “ஐசே, இதெல்லாம் நிலவில்லாத நாள். நிலவில்லாத நாளிலைதான் இயக்கக்காரர் கடலாலை தாக்க வாறவங்கள். இவ ஏன் இதை எழுதி வைச்சிருக்கிறா?”

முதல் வடிவத்தில் நான் எழுந்து, விசாக் கடிதத்தின் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். “பாருங்கோ, அவ வானத்து வெளிச்சம் பாக்கப் போறா” என்கிறேன். அவர் வாசித்துவிட்டுப் போகிறார். இரண்டாவது வடிவத்தில் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே கொடுக்கிறேன். அது இன்னும் இயல்பாக வந்தது. மூன்றாவதில் கொடுத்ததற்காக ஓர் அறையும் வாங்குகிறேன். மூன்றிலும் நான் நல்லவன்.

நடந்தது நான்காவது. “எனக்குத் தெரியாது சேர். வாறவை சொல்றதை நான் அடிக்கிறன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது” என்றேன். அவர் அதை ஒரு தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். விசாக் கடிதத்தின் பிரதி என் முழங்காலுக்குப் பக்கத்து மேசை லாச்சிக்குள் இருந்தது.

பயத்தினால் சொன்னேன் என்றால் நீங்கள் மன்னிப்பீர்கள். ஆனால் பயம் பாதிதான். மற்றப் பாதி, நான் உண்மையிலேயே அவரைச் சந்தேகித்தேன். ‘ஆசையா இருக்கு’ என்பதற்குக் கீழே எதுவோ இருக்கும் என்று நினைத்தேன்.

7

மூன்றாம் நாள் ஸஹாப்தீன் மாஸ்டர் வந்தார். பௌதிகம் படிப்பிப்பவர், மெலிந்த மனிதர். கக்கத்தில் பாடப்புத்தகமும் தவராசாவின் கடிதங்களும்.

“குருநாதன், முகாமுக்குக் குடுக்க ஒரு விளக்கக் கடிதம் அடியுங்க. நானே கொண்டுபோறன்.”

“மாஸ்டர், உங்களையும் பிடிச்சு வைச்சால்?”

“வைச்சால் வைக்கட்டும். நிலவில்லாத நாள் ஏன் வேணுமெண்டு நான்தானே அவவுக்குச் சொல்லிக் குடுத்த.”

அடித்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன். முடிந்ததும் அவர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“விசாக் கடிதம் நீங்கதானே அடிச்ச. சாட்சிக்கு நீங்களும் ஒரு கையெழுத்து வைச்சா நல்லம்.”

“எனக்கு ஏலாது மாஸ்டர். கடை வைச்சிருக்கிறவன்…”

அவர் வற்புறுத்தவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று தரம் முகாமுக்குப் போனார். ஒரு தரம் காலையிலிருந்து பின்னேரம் வரை வெயிலில் நிற்க வைத்தார்கள். இன்னொரு தரம், “அவ உனக்கு என்ன முறை?” என்று கேட்டுச் சிரித்தார்கள். பத்தொன்பதாம் நாள் ரீச்சரை விட்டார்கள்.*

* அந்தப் பத்தொன்பது நாள் பற்றி இங்கே எதுவும் இல்லை. ரீச்சர் சொல்லவில்லை. நான் ஊகிக்கமாட்டேன், என் ஊகத்தால் நடந்தது போதும்.

8

புரட்டாதியில் அவர் மறுபடி என் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். கொப்பி புதிது.

“பழைய கடிதத்தையே திகதி மாத்தி அடியுங்கோ.”

“இன்னும் போகப்போறியளோ?”

“ஏன், வெளிச்சம் நிண்டுபோச்சோ?”

தூதரகம் முதல் தரம் மறுத்தது. இரண்டாம் தரம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே நடந்ததை ஸஹாப்தீன் பாடசாலையில் சொல்ல, அது என் கடைவரை வந்தது. திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டாராம். மாசி பதினாலாம் திகதி பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை வைக்கவேண்டும் என்றாராம் ரீச்சர். பயண நாட்கள் போக அங்கே நிற்கிற ஆறு நாளும் முகிலாக இருந்தால் என்றும் கேட்டாராம். “முகிலைப் பாத்துப்போட்டு வருவன்.” விசா கிடைத்தது.

அவர் போன அன்று, இனி வரமாட்டார் என்று கச்சேரி வாசலில் நான்கு பேருக்குச் சொன்னேன்.

9

வந்தார். பதினாலாம் திகதி திங்கட்கிழமை பாடசாலைக்குப் போய்ப் பரீட்சை வைத்தார். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. திரும்பி வந்ததற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டுமே.

அந்தக் கிழமையே லீவுப் பத்திரம் ஒன்று அடிக்கக் கடைக்கு வந்தார். அடித்து முடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அடக்கமாட்டாமல் கேட்டேன்.

“ரீச்சர், கண்டனீங்களோ?”

அவர் தாளை வரி வரியாகச் சரிபார்த்தார். பிறகு சொன்னார்:

“தம்பி, நீங்கள் கையெழுத்து வைச்ச தாளை எனக்கு முகாமிலை வாசிச்சுக் காட்டினவங்கள். ரெண்டாம் நாளே.”

மேலே கூரைக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப… ஏன் பிறகும் என்னட்டை வந்தனீங்கள்?”

“நீங்கள் பிழையில்லாமல் அடிப்பியள். அதுக்கு வாறனான். மற்றதை உங்களோடை கதைக்க ஏலாது.”

குரலில் கோபம் இருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

அங்கே என்ன கண்டார் என்று ஸஹாப்தீனுக்குச் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை முழுக்கச் சொல்லியிருக்கிறார். லிங்கநகரில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் ஒருதரம் ஸஹாப்தீனிடம் கேட்டேன். “அவ சொல்லச் சொன்னா சொல்றன்” என்றார். வேறு யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கதைக்கு இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆறு நாளும் முகில். மற்றதில் கடைசி நாள் வானம் திறக்கிறது. தவராசா பன்னிரண்டு வருடத்தில் முதல் தரமாகத் தலை நிமிர்த்துகிறார். இரண்டாவது அழகாக இருக்கிறது. ஆனால் ரீச்சரைப் பற்றி அவரிடம் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன். ஆகவே இரண்டையும் இங்கே சேர்க்கவில்லை.

அவர் ஓய்வுபெற்றுவிட்டார், லிங்கநகரிலேயே இருக்கிறார். வாசகரே, நீங்கள் போய்க் கேட்கலாம். உங்களிடம் மறைக்க அவருக்குக் காரணமில்லை. யார் அனுப்பியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் சொன்னால், எனக்கு எழுத வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.